பெட்டி மேல மூணுன்னுதான் போட்டிருந்துச்சு

பதினெட்டுன்னு போட்டிருந்தா பதினெட்டுதான்லா. பாசார்ல கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுங்க, இதுக்குப் பேசாதீங்க.

வீட்ல புள்ளைங்கள வச்சுப் பாத்துக்குற வேலைய புதுசா ஆரம்பிச்சிருக்கிற தங்கச்சிங்களா, நீங்க நாலஞ்சு பேரு சேந்து கேட்டீங்கல்ல, “ஆயாம்மா, இந்தக் கேம் சாமானெல்லாம் எது குடுக்கலாம், எது குடுக்கக்கூடாது, எப்படிப் பாத்து விடுறது”ன்னு. என்னையும் ஒரு ஆளா நெனச்சுக் கேட்டீங்க பாருங்க, எனக்கு அவ்ளோ சந்தோசம். காலைலேர்ந்து தனியா சிரிச்சுக்கிட்டிருக்கேன், மருமக என்னைய ஒரு மாதிரி பாக்குறா. எழுதிக் குடுங்கன்னீங்க. எனக்கு எங்க எழுத வரும்? போன்ல பேசி அனுப்புறேன், சமைச்சுக்கிட்டே கேளுங்க. சுத்தி வளச்சுத்தான் பேசுவேன். அவசரம்னா வேற ஆளப் பாருங்க.

எழுத்துதான் தெரியாது, நம்பரு தெரியும். எஸ்டேட்ல ரப்பர் பால் நிறுக்குற எடத்துல நின்னு நின்னு கத்துக்கிட்டது. தராசு முள்ளு எங்க நிக்குதுன்னு நமக்குத் தெரியலன்னா, கணக்கு எழுதுற கிராணி அவன் இஷ்டத்துக்கு ஒண்ணச் சொல்லிட்டுப் போவான். அந்த நம்பரு பின்னால இந்தத் தம்போய்ல வந்து கேம் பெட்டி பாக்க ஒதவும்னு யாரு கண்டா!

பெட்டி மூலைல, எத்தன வயசுலேர்ந்து வெளாடலாம்னு சின்னக் கட்டம் இருக்கும். மூணு, ஏழு, பன்னெண்டு, பதினாறு, பதினெட்டு. சில பெட்டில நம்பருக்குப் பதிலா எழுத்து. அத என் பேரப்பய சொல்லிக் குடுத்தான். மூணு பல்லு வச்ச சீப்பு மாதிரி ஒரு எழுத்து இருந்தா எல்லாரும் வெளாடலாம். ரெண்டு மலை பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்தா பெரியவங்களுக்கு, அப்படியே பைல போட்டுத் திருப்பி அனுப்பிருங்க.

ஒரு அப்பா, சிங்கப்பூர்ல வேலை. அங்கேர்ந்து செத்த பொணமெல்லாம் எந்திரிச்சு வந்து கடிக்கிற கேம் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, மவன் இங்க இருக்குறப்ப வெளாடட்டும்னு.

“தம்பி, பதினெட்டு போட்டிருக்கு. ஒன் மவனுக்கு எட்டு.”

“அந்த ஒண்ண வெரலால மறைச்சுக்குங்க ஆயாம்மா. சரியா வந்துரும்.”

“நீ மொதல்ல ஒன் சம்பளச் சீட்டுல ஒரு நம்பர மறைச்சுக்கிட்டு வா. அப்பறம் நான் இத மறைக்கிறேன்.”

சிரிச்சிட்டாரு. திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன்.

என் வீட்ல கேம் வெளாடணும்னா முன் ஹால்லதான். காதுல மாட்டிக்கக் கூடாது, சத்தம் எனக்கும் கேக்கணும். புதுசா ஒண்ணு வந்தா மொதல்ல நான் ஓட்டிப் பாப்பேன். சிரிக்காதீங்க! நான் நல்லா ஓட்டுவேன்லா. எனக்குக் காடி ஓட்ட லைசன் இல்லதான், டீவில ஓட்டுனா எந்தப் போலீஸ்காரன் வந்து புடிக்கப் போறான்? பழம் வெட்டுற வெளாட்டு, கோழிப் பண்ணை வெளாட்டு எல்லாம் எனக்கு உசுரு. என் கோழிப் பண்ணைல ஒரு கோழி செத்ததில்ல, தெரியுமா. எஸ்டேட்ல வளத்த நெசக் கோழிங்களத்தான் கீரி தூக்கிட்டுப் போயிரும்.

எங்க விட்டேன்? ஆமா. எஸ்டேட்ல பால் வெட்டுக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டாய் இருக்கும். எனக்கு அங்கதான் ஒருத்தவங்க இந்த வேலையக் கத்துக் குடுத்தாங்க. புள்ளைங்க வெளாடுறப்ப வெளாட்டப் பாக்காத, மூஞ்சப் பாருன்னுவாங்க. எல்லாம் சிரிக்கிறப்ப எது சிரிக்கலன்னு பாருன்னுவாங்க. அப்ப கேம் ஏது, டீவியே ஏது. கல்லு மண்ணு கொட்டாங்கச்சிதான். ஆனா மூஞ்சி எல்லாக் காலத்துலயும் மூஞ்சிதானே.

இப்ப சொல்லப் போறது சந்தோசமான கதை இல்ல. வேலைக்கு வந்துட்டீங்கல்ல, கேட்டுத்தான் ஆவணும்.

நிவேதான்னு ஒரு புள்ள. ஒண்ணாம் வகுப்பு. அவ அப்பா சரவணன் மோட்டர்சைக்கிள்ல செகண்ட் லிங்க் பாலம் வழியா சிங்கப்பூருக்குப் போயி வர்றவரு. அம்மா கலாக்கு இங்க பேக்டரில வேலை. விடியக்காலைல புள்ளைய என் வீட்ல விட்டுருவா. ஸ்கூல் வேன் என் வீட்லேர்ந்துதான் ஏத்திக்கிட்டுப் போவும், திருப்பிக் கொண்டாந்து விடும். பொழுது சாய கலா வந்து கூட்டிக்கிட்டுப் போவா.

சரவணன் போறப்ப புள்ள தூங்கும், வர்றப்பவும் தூங்கும். ஞாயித்துக்கெழமதான் அப்பாவும் மவளும் பாத்துக்குறது. அதுலயும் ஓவர்டைம் வந்துட்டா அதுவும் இல்ல. ஒங்ககிட்ட இருக்குற புள்ளைங்களும் பாதி அப்படித்தான் வளருது, ஒங்களுக்குத் தெரியாததா.

ஒரு நாளு நல்ல மழை. பாலத்துக்குப் போற ரோட்டுல சரவணன் மோட்டர்மேல லோரி. ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டு போகல, அங்கயே முடிஞ்சு போச்சு.

காரியமெல்லாம் கெலாங் பாத்தா ஊர்ல சரவணன் அம்மா வீட்ல நடந்துச்சு. நிவேதாவ மட்டும் என் வீட்லயே வச்சுக்கச் சொல்லிட்டாங்க. ஏன்னா அந்தப் புள்ளைக்கு இளுப்பு. ரொம்ப அழுதா மூச்சு அடைச்சுக்கும். முன்ன ஒரு தடவ, அப்பா வேலைக்குப் போறத முழிச்சுப் பாத்துட்டு அழுது அழுது, ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போயிருச்சு. அதனால பெரியவங்க எல்லாம் ஒக்காந்து பேசி ஒரு முடிவு எடுத்தாங்க. இப்ப சொல்ல வேணாம், அப்பாக்கு ஓவர்டைம்னு சொல்லுவோம், ஸ்கூல் லீவு வரட்டும், ஆஸ்பத்திரி பக்கத்துல வச்சுக்கிட்டு மெதுவா சொல்லுவோம்னு.

வேற ஊர்ல இந்தப் பொய்ய சொல்ல முடியுமா? அப்பன் மூஞ்சி ஒரு நாளு தெரியலன்னாலே புள்ள கேக்கும். இங்க சொல்ல முடிஞ்சுச்சு. அந்தப் புள்ளைக்கு அப்பா இல்லாத வீடு பழகின வீடு.

கலா காடிய என் வீட்டு மொனைல நிறுத்துவா. கண்ணாடியப் பாத்து நெத்தில ஒரு பொட்ட ஒட்டுவா. அப்பறம்தான் கேட்டுக்கு வருவா. கெலாங் பாத்தால மாமியா முன்னாடி நெத்தி வெறுமனே இருக்கும், இங்க மவளுக்காகப் பொட்டு. நான் சன்னல்லேர்ந்து பாத்துட்டு, பாக்காத மாதிரி உள்ள போயிருவேன்.

அப்பதான் பொந்தியான்லேர்ந்து கலா அண்ணன் வந்தாரு. தங்கச்சி மவளுக்கு ஏதாச்சும் செய்யணும்னு டீவில மாட்டுற கேம் சாமான் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. வீட்ல ஆள் இல்ல, இங்கயே மாட்டிருங்க ஆயாம்மான்னாரு.

“நீங்களே பாருங்க ஆயாம்மா. கடைல மூணு தடவ கேட்டுட்டேன். சுடுறது இல்ல, வெட்டுறது இல்ல, ரத்தம் இல்ல.”

பெட்டிய வாங்கிப் பாத்தேன். மூணு போட்டிருந்துச்சு. ஓட்டியும் பாத்தேன். குண்டுத் தலை பொம்மை ஒண்ணு மோட்டர்ல போவுது. கடல், பாலம், தென்னமரம். உளுந்தா தலையச் சுத்தி குருவி பறக்கும், டிங்குன்னு ஒரு சத்தம், திருப்பி எந்திரிச்சு ஓட்டும். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. நல்ல வெளாட்டுய்யான்னு அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் குடுத்தேன்.

ரெண்டு பேரும் ரத்தம் இருக்கான்னு பாத்தோம். துப்பாக்கி இருக்கான்னு பாத்தோம். மோட்டர் வெளாட்டுன்னு ரெண்டு பேரு மண்டைலயும் ஏறல. எப்படி ஏறும்? இங்க மோட்டர் நிக்காத வாசல் ஏது? வாசல்ல கெடக்குற செருப்பு மாதிரிதான் அது. கண்ணு அதும்மேல நிக்கவே நிக்காது.

புள்ளைங்களுக்கு ஒரே குதி. மாத்தி மாத்தி ஓட்டுதுங்க. நிவேதா முறை வந்தா மட்டும் ஒரே கூத்து. நேரா பாலத்துக்குப் போவா, வளைவுல கொண்டு போயி உட்டுருவா. டபுக்குன்னு கடல் ஓரம் உளுவும்.

“அலாமா, நிவேதா! ரேஸ் ஓட்டுறியா மீன் புடிக்கப் போறியா?”ன்னு பெரிய பையன் கத்துவான்.

“ஆயா, இவ வேணும்னே உளுவுறா! எங்க டைம் வேஸ்டாவுது!”

“நான் அப்படித்தான் ஓட்டுவேன். ஒனக்கு என்னா?”ன்னு இவ.

நானும் சின்னப் புள்ள, கை வரலன்னு நெனச்சேன். அப்பறம் ஒரு மத்தியானம் மத்ததெல்லாம் சாப்புட ஒக்காந்துருச்சு, இவ மட்டும் டீவி முன்னாடி. அப்பதான் அவ மூஞ்சப் பாத்தேன். பொம்மை உளுந்தா மத்தது எல்லாம் சிரிக்கும். இது சிரிக்கல. உளுந்ததும் பட்டன அமுக்குனா ஒடனே எந்திரிக்கும், அத இவ அமுக்கவே மாட்டேங்குறா. கைய ரெண்டையும் மடில வச்சுக்கிட்டு, டீவியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா.

பக்கத்துல போயி ஒக்காந்தேன்.

“என்னாம்மா பண்ற?”

“பாக்குறேன் ஆயா.”

“என்னத்தப் பாக்குற?”

“எழும்பறானான்னு.”

கொஞ்ச நேரத்துல பொம்மை தானா எழும்பிருச்சு. டிங்குன்னு சத்தம்.

“எழும்பிட்டான் பாரு.”

“ம்ம். இவன் சும்மா விட்டாலும் எழும்புறான்.” திருப்பி பாலத்துக்கு ஓட்டுறா. “வேன்ல அண்ணன் போன்ல காட்டுனாங்க. அதுல எழும்பல.”

ஆக்சிடன் நடந்தா எவனாச்சும் படம் புடிச்சு எல்லாருக்கும் அனுப்பி விடுறான்ல, அது. வேன்ல வர்ற பெரிய பையன் யாரோ, இது யாரு அப்பான்னு தெரியாமலே எல்லாருக்கும் காட்டிருக்கான். பெட்டில வர்ற வெளாட்டுக்கு நம்பரு போட்டு வச்சிருக்காங்க. போன்ல வர்றதுக்கு எவன் நம்பரு போட்டான்?

“அது யாருன்னும்மா நீ நெனச்ச?” கேட்டுட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டேன்.

“ஆரஞ்சு ரெயின்கோட்டு. முதுகுல பூனை ஸ்டிக்கர். நான்தான் ஒட்டுனேன்.”

என்னமோ சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அவ கைய நீட்டி என் கைமேல வச்சா. வச்சிட்டு, மெதுவா, சமையக்கட்டுல இருக்குறவங்களுக்குக் கேக்காம சொல்றா:

“ஆயா, அம்மாக்குத் தெரியாது. சொல்லிறாதீங்க.”

“என்னம்மா சொல்ற?”

“அம்மாகிட்ட யாரும் சொல்லல. அப்பா ஓவர்டைம்னுதான் அம்மா சொல்றாங்க. டெய்லி அப்பாக்குச் சோறு எடுத்து மூடி வைக்கிறாங்க. தெரிஞ்சா அழுவாங்க. அழுதா வேலைக்குப் போவ முடியாது. ஸ்கூல் லீவு வந்ததும் நான் சொல்றேன்.”

நான் வாழ்க்கைல எவ்வளவோ பாத்துட்டேன். அந்த மாதிரி ஒரு வார்த்தய நான் கேட்டதில்ல. பெரியவங்க ஒக்காந்து போட்ட அதே திட்டத்த அந்தப் புள்ளையும் தனியா ஒக்காந்து போட்டிருக்கு.

“நீ அழுதியாம்மா?”ன்னேன்.

“இல்ல. அழுதா எனக்கு மூச்சு வராது. அப்ப அம்மாக்குத் தெரிஞ்சுரும்.” அப்பறம், “சத்தியம் பண்ணுங்க ஆயா”ன்னா.

சத்தியம் பண்ணேன். வேற என்னா பண்ணுறது? மொகத்த நிமுத்தி அப்படிப் பாக்குறா. சாமிமேல சத்தியமா சொல்லமாட்டேன்னு அவ கைல அடிச்சேன்.

அப்பறம் பொழுது சாயுற வரைக்கும் எனக்கு ஒக்கார முடியல, நிக்க முடியல. ஒரு புள்ளைக்கு ஊட்டுன வாய்க்கே திருப்பி ஊட்டுறேன். கேம அணைச்சு மேல தூக்கி வச்சுரலாமான்னு நெனச்சேன். அப்படி வச்சா? அவ மனசுக்குள்ள ஓடுறத எந்தப் பட்டன அமுக்கி அணைக்குறது? வெளாட்டு கெட்டதில்ல. அவ கேட்ட கேள்விக்கு அந்தப் பொம்மை ஒண்ணுதான் பதில் சொல்லிருக்கு, அதுவும் பொய்யான பதில். நாங்க பெரியவங்க சொன்னதும் பொய்தானே.

சொல்லாம விட்டா இந்தப் புள்ள லீவு வரைக்கும் அழுவாது. தொண்டைல வச்சுக்கிட்டே திரியும். சொன்னா, நான் அவ கைல அடிச்ச சத்தியம் போவும். மூச்சு அடைச்சுக்கிட்டாலும் பழி என்மேல. யாருகிட்டயாச்சும் கேக்கலாம்னா, யாருகிட்ட கேக்குறது? கெலாங் பாத்தாக்குப் போன் போட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. தங்கச்சிங்களா, நம்ம வேலைல அந்த மாதிரி நேரம் வரும். அப்ப வீட்ல நம்மளத் தவிர பெரிய மனுசரு ஒருத்தரும் இருக்கமாட்டாங்க.

மூச்சுக்கு அடிக்கிற பம்ப அவ பையிலேர்ந்து எடுத்து என் சட்டை மடிப்புல சொருகிக்கிட்டேன். கலா காடி வந்துச்சு. பொட்ட ஒட்டிக்கிட்டு எறங்குனா. நான் அவ கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வெளிய போயிட்டேன்.

“கலா, புள்ளைக்குத் தெரியும்மா.”

“என்னா தெரியும்?”

“எல்லாம் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும்.”

அவ மூஞ்சி அப்படியே மாறிருச்சு. “நீங்க சொல்லிட்டீங்களா? ஒங்கள நம்பித்தானே விட்டேன் ஆயாம்மா! யாரு ஒங்கள சொல்லச் சொன்னா?”

“நான் சொல்லல. வேன்ல படம் காட்டிருக்கானுங்க. ரெயின்கோட்ட அடையாளம் கண்டுக்கிட்டா.”

“அப்படின்னா ஏன் எங்கிட்ட வந்து கேக்கல? டெய்லி அப்பா எப்ப வருவாருன்னு கேக்குறாளே! நேத்துகூடக் கேட்டாளே!”

“நீ அழக்கூடாதுன்னு கேக்குறாம்மா. ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. லீவு வந்ததும் ஒனக்குச் சொல்லுவாளாம்.”

கலா என் வாசல்ல செருப்பு வைக்கிற பலகைலயே ஒக்காந்துட்டா. அழல. மூச்ச இழுத்து இழுத்து விடுறா, அவளுக்கும் இளுப்பு வந்த மாதிரி. நான் தோளப் புடிச்சேன், தட்டி விட்டுட்டா. தட்டி விடட்டும். அப்பறம் எந்திரிச்சு உள்ள போனா.

நிவேதா பையெல்லாம் மாட்டிக்கிட்டு ரெடியா நிக்குது. கலா முட்டி போட்டு ஒக்காந்தா.

“நிவேதா. அப்பா எங்கன்னு அம்மாக்குத் தெரியும்டா. அம்மாக்கு மொதலேர்ந்தே தெரியும்.”

அந்தப் புள்ள அம்மாவப் பாக்கல. திரும்பி என்னையப் பாத்துச்சு. “சத்தியம் பண்ணீங்களே ஆயா.” அவ்ளோதான் சொன்னுச்சு. கத்தி சொல்லல. கத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அப்பறம் அம்மா கழுத்தக் கட்டிக்கிட்டு ஆரம்பிச்சா பாருங்க. அத்தன நாளு அழுக. ரெண்டும் சேந்து அழுவுதுங்க, சமையக்கட்டுல மத்த புள்ளைங்க என்னான்னு தெரியாம அதுங்களும் அழுவுது. மூச்சு இழுக்க ஆரம்பிச்சுச்சு. பம்ப எடுத்து நீட்டுனேன், எங்கிட்டேர்ந்து வாங்க மாட்டேங்குறா. கலாதான் வாங்கி அடிச்சு விட்டா. கொஞ்சம் அடங்கும், திருப்பி அழுவும், திருப்பி அடிக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு ஆவல. கடவுள் புண்ணியம். அன்னிக்கி இருட்டுற வரைக்கும் ரெண்டும் என் ஹால்லயே கெடந்துச்சுங்க, நான் மத்த புள்ளைங்கள பின்னால வச்சுக்கிட்டேன்.

மறுநாளு கெலாங் பாத்தாலேர்ந்து போன். சரவணன் அம்மா. “ஒங்க வேலை சோறு ஊட்டுறது. வீட்டு வெசயத்துல ஒங்கள யாரு கேட்டா?”ன்னாங்க. மவன தூக்கிக் குடுத்தவங்க, என்னா வேணா பேசலாம். ஆமாங்க, ஆமாங்கன்னு கேட்டுக்கிட்டேன். புள்ளைய அங்கயே கொண்டு போயி வச்சுக்கிட்டாங்க. ஸ்கூலும் மாத்திட்டாங்க. பொந்தியான் அண்ணன் வந்து கேம் சாமானக் கழட்டிட்டுப் போனாரு, ஒரு வார்த்த பேசல.

அதுக்கப்பறம் நான் கேம் பாக்குற விதமே வேறயாப் போச்சு. நம்பரப் பாக்குறத விடல, நீங்களும் விடாதீங்க. அந்த நம்பரு போடுறவங்க எங்கயோ இருக்காங்க, வெளாட்டுக்குள்ள என்னா இருக்குன்னு பாத்துத்தான் போடுறாங்க. ஒங்க வீட்ல ஒக்காந்து வெளாடுற புள்ளைக்கு நேத்து என்னா நடந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால புதுசா ஒண்ணு வந்தா, அம்மா அப்பாவ கேட்டுல நிறுத்தி, வீட்ல என்னாச்சும் விசேசமா, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா, சண்டையான்னு கேளுங்க. மூக்கு நொழைக்கிறன்னு பேசுவாங்க. பேசட்டும்லா. தாத்தா தண்ணில போன வீட்டுப் புள்ளைக்கு நீச்சல் வெளாட்டு எதுக்கு? தீப்புடிச்ச வீட்டுப் புள்ளைக்குச் சமையல் வெளாட்டு எதுக்கு? குடுக்கக்கூடாதுன்னு சொல்லல. பக்கத்துல ஒக்காந்துக்கிட்டுக் குடுங்க.

இப்ப முட்டி வலி, வேலைய விட்டுட்டேன். போன வருசம் தீபாவளி பாசார்ல கலாவப் பாத்தேன். பக்கத்துல நிவேதா, நல்லா ஒயரமாயிட்டா, ஒல்லியா, அப்பன் மாதிரி. எனக்கு அவ்ளோ சந்தோசம், கைல இருந்த பையக் கீழ வச்சுட்டேன். கலா தலைய ஆட்டுனா, லேசா சிரிச்சா. “ஆயாவப் பாரு, வணக்கம் சொல்லு”ன்னா. நிவேதா என்னையப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கிட்டா. கலாக்கு வெக்கமாப் போச்சு. நான் விடும்மா, விடுன்னுட்டேன்.

அவ யாருமேல கோவப்படுவா, சொல்லுங்க? செத்துப்போன அப்பாமேல படுவாளா, கூட இருக்குற அம்மாமேல படுவாளா? என்மேல படட்டும். நான் தாங்குவேன்.